பத்துக் கண்ணி

எங்கள் பள்ளிக்கூட வேனை ஓட்டியவரை நினைத்தால் அவர் முகம் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பின்னி முடித்த உல்லன் நூலை ஒரே இழுப்பாக உருவும்போது வரும் சத்தம். சன்னமானதுதான், பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இருந்தது அந்தப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு வரைதான். நாலுக்கும் ஐந்துக்கும் நான் கணக்கு எடுத்தேன். பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் ஆசிரியர்கள் எல்லோரையும் வரச் சொன்னார் தாளாளர். இந்த வருஷத்திலிருந்து வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடு கைவேலை வகுப்பு, அதில் குரோஷா பின்னல் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்றார். வேறொரு பள்ளியில் அபாகஸ் வந்துவிட்டதாம், நாமும் ஏதாவது செய்தாக வேண்டுமாம். அதோடு இன்னொன்றும் சொன்னார். பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அடுத்த வருஷம் இரண்டு பேரைக் குறைக்க வேண்டியிருக்கும், பாடத்தோடு கூட ஒரு வேலை தெரிந்தவர்களை மட்டும் விடவே மாட்டோம். அங்கே சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவன் நான் ஒருவன்தான். எனக்காகவே சொன்னது போலிருந்தது.

என் ஊர் பரளச்சிக்குப் பக்கம். அப்பா கருவேல விறகை எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள்தான் அதிகம். உள்ளே போய்ப் பட்டமும் வாங்கி வெளியே வந்தவன் நான். வேலையில் சேர்ந்த அன்றிலிருந்து அப்பா என்னிடம் நேராகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். "வாத்தியார் சாப்புட்டாரா?" என்று அம்மாவிடம் கேட்பார். அந்த வேலை போனால் அந்தக் கேள்வியை அவர் எப்படிக் கேட்பார் என்று எனக்குக் கவலை. குரோஷா என்றால் என்னவென்றே தெரியாத நான், அதை எல்லோரையும்விட நன்றாகப் படித்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அருப்புக்கோட்டை பஜாரில் நூல் கடை வைத்திருக்கிற அம்மா ஒருவர் ஐந்து நாள் வந்து சொல்லிக்கொடுத்தார். எட்டு டீச்சர்கள், ஆம்பளை நான் மட்டும். வேனுக்கு எஃப்.சி. முடித்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வேறு வேலையில்லாமல் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்தான் நான் சொன்ன டிரைவர். என்னைவிட ஒரு வயது கூட இருக்கும். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். நிற்கிற நேரத்துக்கு உட்கார்ந்து பின்னுங்க தம்பி என்று கடைக்கார அம்மா ஒரு கொக்கி ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார்.

தமிழ் டீச்சர் சும்மா இருக்கவில்லை. "என்ன டிரைவரு, ஸ்டியரிங்குக்கு ஸ்வெட்டர் பின்னப் போறீகளா?"

"அதுக்கு எதுக்கு மேடம்? இந்த வெயிலுக்குத் தாளாளர் தலைக்குத்தான் மொதல்ல வேணும்."

டீச்சர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாளாளர் தலையில் பெயருக்குக்கூட முடி கிடையாது. நான் சிரிக்கவில்லை, ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பாடம் சங்கிலி. ஊசியில் ஒரு கண்ணி மாட்டி, நூலைக் கொக்கியில் வளைத்து, அந்தக் கண்ணி வழியே இழுத்தால் அடுத்த கண்ணி. அவ்வளவுதான். முதல் நாள் சாயங்காலம் கடைக்கார அம்மா என் சங்கிலியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். தாலிக்கொடி மாதிரி ஒரே சீராக இருக்கிறது என்றார். டிரைவருடையது ஓரிடத்தில் பெருத்து ஓரிடத்தில் சிறுத்து, கிணற்றில் பல வருஷம் கிடந்த கயிறு மாதிரி இருந்தது. அவர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். சிரித்தார். ஊசியை உருவிக்கொண்டு நூலை ஒரு இழு இழுத்தார். அரை நாள் வேலை மடியில் சுருள் சுருளாக விழுந்தது. மறுபடி முதல் கண்ணி.

இதைத்தான் ஐந்து நாளும் செய்தார். எல்லோரும் தப்பைச் சரிக்கட்டினோம், மறைத்தோம், அடுத்தவர் மடியை ஓரக்கண்ணால் பார்த்தோம். அவர் உருவினார். இருபது வரிசை போட்ட பிறகு மூன்றாம் வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் இருபதையும் உருவினார். இவ்வளவு போட்டாச்சே, பார்த்தால் தெரியாதே என்று ஒரு டீச்சர் சொன்னதற்கு, "எனக்குத் தெரியுதுல்ல" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. டயரில் காற்று குறைவு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

ஐந்தாம் நாள் அவர் கையில் உள்ளங்கை அளவு ஒரு சதுரம் இருந்தது. நாலு பக்கமும் அளந்து வெட்டியது போல. என் கையிலும் ஒன்று இருந்தது. நான் பயந்து பயந்து நூலை இறுக்கிப் பிடித்ததில் அது அட்டை மாதிரி விறைத்து நின்றது. ஒரு ஓரம் சரிந்திருந்தது, நடுவில் ஒரு புடைப்பு. ஆனால் எந்த வரிசையை எண்ணினாலும் பத்துக் கண்ணி இருக்கும். கடைக்கார அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, உருவிட்டு முதலில் இருந்து போடுங்க தம்பி என்றார். ஐந்து நாளை எப்படி உருவுவது? வீட்டில் சரிசெய்து கொண்டுவருகிறேன் என்றேன். அன்றைக்கு ராத்திரி அதை நனைத்து இஸ்திரி போட்டேன். கணக்குப் புத்தகங்களுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். காலையில் எடுத்தபோது கோணல் அப்படியே இருந்தது, கொஞ்சம் தட்டையாக.

உருவுவது டிரைவருக்கு நூலில் மட்டும் இல்லை. ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டு வேனில் ஏறினேன். ரோட்டு வேலைக்காக வேறு வழி போனதில் தப்பான பாதையில் வண்டியை விட்டுவிட்டார். இரண்டு பக்கமும் கருவேல முள், திருப்ப இடம் கிடையாது. நானாக இருந்தால் இதுவும் ஒரு வழிதான் என்று சொல்லிக்கொண்டு மேலே ஓட்டியிருப்பேன். அவர் நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பி, மாமா தப்பா வந்துட்டேன், ரிவர்ஸ்லயே போவோமா என்று பிள்ளைகளிடம் கேட்டார். பிள்ளைகளுக்குத் திருவிழாதான். அவ்வளவு தூரமும் கத்திக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

இன்னொரு தடவை, சீட்டில் தண்ணீரைக் கொட்டினாள் என்று மூன்றாம் வகுப்பு முத்துச்செல்வியை அதட்டிவிட்டார். கொட்டியது வேறொரு பிள்ளை என்று பிறகு தெரிந்தது. மறுநாள் காலையில் அவள் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி இறங்கி, அவள் அம்மாவுக்கு முன்னாலேயே, நேத்து உன்னைய வஞ்சது தப்பு ஆத்தா என்று சொன்னாராம். அந்தப் பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கூடம் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அதே வாரத்தில் என் வகுப்பில் ஒரு பெண், நான் கரும்பலகையில் போட்ட வகுத்தல் கணக்கு தப்பு என்று எழுந்து சொன்னாள். அவள் சொன்னது சரி. "உக்காரு, புத்தகத்தைப் பாரு" என்றேன். அவள் புத்தகத்தைப் பார்த்தாள். அதிலும் அவள் சொன்ன விடைதான் இருந்தது. நான் கரும்பலகையை அழித்துவிட்டு அடுத்த கணக்கைப் போட்டேன்.

அவர்மேல் எனக்கு இருந்ததைப் பொறாமை என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அதற்கு நான் வேறு பெயர்கள் வைத்திருந்தேன். ஒழுங்கு இல்லாத ஆள், பயமில்லாத ஆள், இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஆள். அவர் தப்பு செய்தால் டிரைவர் தப்பு செய்தார், அவ்வளவுதான். நான் செய்தால் கரிமூட்டக்காரன் மகன் படித்தது இவ்வளவுதானா என்று ஆகிவிடும். இப்படிச் சொல்லிக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே நூலை இழுக்கும்போது நான் என் கண்ணிகளை மறுபடி எண்ணினேன்.

ஜூன் மாதம் கைவேலை வகுப்பை யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது தலைமை ஆசிரியை டிரைவர் பெயரைச் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சும்மாதானே இருக்கிறார், அவரே எடுக்கட்டும். மூன்று வெள்ளிக்கிழமை எடுத்தார். நான் அந்த நேரத்தில் விடைத்தாள் கட்டோடு வராந்தாவில் நடப்பேன். உள்ளே அவர் தரையில் உட்கார்ந்திருப்பார், சுற்றிலும் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு நூல் சிக்கினால் அதன் விரலைப் பிடித்து ஊசியைத் திருப்பிக் காட்டுவார். யாராவது தப்புப் போட்டால் "உருவு, உருவு" என்று எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள், தப்புப் போட்ட பிள்ளையும் கத்தும். என் கணக்கு வகுப்பில் தப்புப் போட்ட பிள்ளைகள் நோட்டைக் கையால் மறைத்துக்கொள்வார்கள்.

ஜூலை முதல் வாரம் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, இன்ஸ்பெக்‌ஷனில் எட்டாம் வகுப்பு படித்தவர் வகுப்பெடுக்கிறார் என்று வந்தால் பள்ளிக்குத்தான் சங்கடம். அது உண்மை. இரண்டாவதை முழுசாகச் சொல்லவில்லை.

"பொம்பளப் பிள்ளைங்க இருக்கிற கிளாஸ் மேடம். கையப் பிடிச்சுத்தான் சொல்லிக்குடுக்கிறார். நான் எதுவும் சொல்லல, நாளைக்கு யாராவது…"

அங்கேயே நிறுத்திக்கொண்டேன். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். தலைமை ஆசிரியை பேனாவை மூடிவைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கைவேலை வகுப்பு என் பெயரில் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேனில் ஒரு ஆயாம்மா போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வகுப்பு வந்தது, வித்தை வரவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் சதுரம் கோணியது. வரிசை முடிந்து துணியைத் திருப்பி அடுத்த வரிசை ஆரம்பிக்கும்போது ஒரு கண்ணி எங்கோ காணாமல் போனது. பத்து ஒன்பதாகும், ஒன்பது எட்டாகும். நான் என் சதுரத்துக்குச் செய்ததையே அவர்களுக்கும் சொன்னேன். எண்ணிக்கொண்டே வா, ஒன்று குறைந்தால் நடுவில் எங்காவது ஒன்று சேர்த்துப் பத்தாக்கிவிடு. எண்ணிக்கை எல்லோருக்கும் பத்து. துணி எல்லோருக்கும் ஒரு பக்கம் சரிந்து நடுவில் புடைத்தது. நான் பத்துக்கு நாலு, பத்துக்கு ஐந்து என்று மதிப்பெண் போட்டுக்கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, வீட்டில் முடித்துத் திங்கட்கிழமை கொண்டுவந்த சதுரங்கள் நேராக இருந்தன. வேனில் வருகிற பிள்ளைகளுடையது மட்டும். யார் பின்னிக்கொடுத்தது என்று கேட்டேன். நாங்களேதான் சார் என்றார்கள். பொய் சொல்கிற முகம் இல்லை.

அன்றைக்கு வேண்டுமென்றே பஸ்ஸை விட்டேன். வேனில் பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அவர் வாங்க சார் என்றார், அவ்வளவுதான். மற்ற வகுப்புப் பிள்ளைகள் வந்து சேரும் வரை பத்து நிமிஷம் வண்டி நிற்கும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பாடம். இன்ஜின் மூடியின் மேல் தன்னுடைய துணியை வைத்து அவர் பின்ன, பிள்ளைகள் எதிரில் நின்று பார்த்துப் பின்னினார்கள்.

வரிசை முடிவுக்கு வந்ததும் நிறுத்தினார். எல்லாரையும் எறக்கி விட்டதுக்கு அப்புறம் மாமா என்ன செய்வேன் என்று கேட்டார். கடைசி சீட்டைப் பார்ப்பீக என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஏன் என்றார். யாராச்சும் தூங்கிட்டா தெரியாது.

"அதேதான். திரும்புற வளைவுல ஒரு கண்ணி மடங்கிப் படுத்திருக்கும். முன்னால இருந்து பாத்தா தெரியாது. ஊசியால லேசா நிமித்திப் பாரு. அதுலயும் ஒண்ணு போட்டுட்டுத்தான் திரும்பணும்."

பின் சீட்டில் என் பையிலிருந்து என் சதுரத்தை எடுத்து வளைவை நிமிர்த்திப் பார்த்தேன். இருந்தது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு கண்ணி, நசுங்கிப்போய், யாரும் தொடாமல். பட்டம் வாங்கிய நான் எண்ணி எண்ணிப் பார்த்தேன், அந்த மனிதர் ஓரத்தைப் பார்த்தார். எனக்குக் கண்ணைக் கரித்தது. நன்றியால் இல்லை.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். ஒரு சின்னப் பிள்ளைக்கு நூல் விரலில் சிக்கிக்கொண்டது. பிள்ளை கையை அவரிடம் நீட்டியது. அவர் தன் இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டு, ஆயாம்மாவிடம் எடுத்துவிடச் சொன்னார். ஆயாம்மாவுக்குக் குரோஷா தெரியாது, சிக்கு இன்னும் இறுகியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையை நீட்டவில்லை. யார் பேச்சு அந்தக் கையைக் கட்டிப்போட்டிருந்தது என்று வேனில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு வாரம் ஒரு நாள் பின் சீட்டில் உட்கார்ந்தேன். அங்கே பார்த்ததை வெள்ளிக்கிழமை வகுப்பில் என் பாடமாகச் சொன்னேன். பிள்ளைகளின் சதுரங்களையெல்லாம் ஒன்றாகக் கோத்து ஆண்டு விழா மேடையில் மேசை விரிப்பாகப் போட்டோம். தாளாளர் அதைத் தடவிப் பார்த்து, மைக்கில் என் பெயரைச் சொன்னார். அடுத்த வருஷத்துக்கான வேலை ஆர்டரைத் திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள் என்று தலைமை ஆசிரியை காதருகே சொல்லிவிட்டுப் போனார்.

விழா முடிந்து மைதானத்துக்கு வந்தேன். அவர் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சார் ஒரு நிமிசம் என்றார்.

காரியாபட்டியில் ஒரு பள்ளியில் பெரிய பஸ்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள், வேலை கேட்டிருக்கிறேன் என்றார். திங்கட்கிழமை இங்கே போன் போட்டு விசாரிப்பார்களாம். நல்லதுதானே என்றேன். அவர் துணியைப் பிழிந்து உதறினார்.

"மேடத்துக்கிட்ட நீங்க ரெண்டு சொன்னீக சார். எட்டாங்கிளாஸுன்னு சொன்னது நெசம். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு சொன்னீகளே, அதை மட்டும் இல்லைன்னு சொல்லிருங்க. எனக்கும் வீட்ல பொம்பளப் பிள்ளை இருக்கு."

எப்போது தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கே தெரியும், மேடம் கூப்பிட்டுக் கேட்டார்கள் என்றார்.

"தெரிஞ்சுமாண்ணே எனக்குப் பின்னலைக் காட்டினீங்க?"

"உங்களுக்கா காட்டினேன்? பிள்ளைக கோணத் துணிய வச்சுக்கிட்டு வேன்ல அழுதுச்சுக. நீங்க பின்னால உக்காந்து பாத்தீக. எந்திரிச்சுப் போங்கன்னா சொல்ல முடியும்?"

குரலில் கோபமில்லை. கோபமாக இருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மேடம் இன்னும் ரூமில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணாடிக்குப் போய்விட்டார்.

அந்த மைதானத்தைக் கடந்து வராந்தாவில் ஏறும் வரை, சொல்லாமல் இருக்க எனக்கு எத்தனை காரணம் கிடைத்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். திங்கட்கிழமை ஆர்டர் கைக்கு வந்த பிறகு சொல்லலாம். காரியாபட்டியிலிருந்து போன் போட்டால்தானே. தலைமை ஆசிரியைக்கு ஞாபகமே இருக்காது. ஏற்கெனவே அவர்தான் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டுத் தெளிவாகியிருப்பாரே. இப்படியே எண்ணிக்கொண்டு கதவைத் தட்டினேன். உள்ளே தாளாளரும் இருந்தார்.

திங்கட்கிழமைதானே வரச் சொன்னேன் என்று தலைமை ஆசிரியை சிரித்தார். நான் டிரைவரைப் பற்றி ஜூலையில் ஒன்று சொன்னேன், அது தப்பு என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

அவருக்குத் தெரியும். ஆனாலும் கேட்டார். அன்றைக்கு நான் பாதியில் விட்ட வாக்கியத்தை, இல்லை என்று சொல்வதற்காக, இப்போது முழுசாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். தாளாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் அப்படி எதையும் பாக்கல மேடம். அந்தக் கிளாஸ் எனக்கு வேணும்னுதான் சொன்னேன்."

நீங்க வெளியே இருங்க என்றார் தாளாளர். திங்கட்கிழமை எனக்கு ஆர்டர் வரவில்லை. காரியாபட்டியிலிருந்து போன் வந்தது, தலைமை ஆசிரியை நல்லபடியாகத்தான் சொன்னார் என்று தமிழ் டீச்சர் பிறகு சொன்னார். இப்போது நான் மல்லாங்கிணற்றில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு எடுக்கிறேன்.

இதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு அறையிலிருந்து வெளியே வந்தபோது, சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொல்லத்தான் மைதானத்தைப் பார்த்தேன். வேன் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நான் சொன்னேனா இல்லையா என்று பார்க்க அவர் நிற்கவில்லை. சொல்லுவேன் என்று நம்பினாரா, சொல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டாரா, தெரியாது. எதுவாக இருந்தாலும் அது என்னிடம் இல்லாதது. வேலையைத் தொலைத்துவிட்டு அந்த வராந்தாவில் நின்ற போதும், வேன் புழுதியில் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன், அவர்மேல் பொறாமையோடு.